மாற்றியமைத்த காரில் எதிர்பார்த்த குதிரைத்திறன் வராதது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டேக், எக்ஸாஸ்ட், கேம்ஷாஃப்ட், டர்போ, இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் எனப் பல மாற்றங்களைச் செய்த காரைத் திறனை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றும்போது, மனத்தில் வைத்திருந்த எண்ணைவிட 30 அல்லது 50 குதிரைத்திறன் குறைவாகத் திரையில் தெரிவது பலருக்கும் நேர்கிறது. உடனே இன்னொரு பாகத்தை வாங்கிப் பொருத்தத் தோன்றும். அதற்கு முன் பிரித்தறிய வேண்டியவை நான்கு: எண்ணே தவறா, இன்ஜினுக்குள் காற்று போதுமான அளவு வரவில்லையா, வந்த காற்று சரியாக எரியவில்லையா, எரிந்து பிறந்த திறன் சக்கரத்தை அடையும் முன் தொலைகிறதா. இவற்றை அளவீட்டால் பிரித்துவிட்டால், பழுதைத் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும்?

எதிர்பார்த்த எண்ணைத்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அது பாகத் தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் சொன்ன அதிகரிப்புகளின் கூட்டுத்தொகையாக இருக்கும். இன்டேக்குக்கு 15, ஹெடருக்கு (சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைத் திரட்டும் குழாய்கள்) 20, எக்ஸாஸ்டுக்கு 15, டியூனிங்குக்கு 20 என்று கூட்டி, தொழிற்சாலை அறிவித்த திறனோடு 70 சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் இன்ஜினின் காற்றுப் பாதை ஒரே தொடர். அதில் மிகக் குறுகலான இடம் எதுவோ அதுவே ஓட்டத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. ஒரு நெருக்கடியை நீக்கினால் அடுத்தது முன்னால் வந்து நிற்கும். எனவே சாதகமான சூழலில் தனித்தனியாக அளக்கப்பட்ட அதிகரிப்புகளைக் கூட்டிப் பெறும் தொகை ஒரு காரில் அப்படியே கிடைப்பது அரிது.

எதிர்பார்ப்பு நியாயமானதா என்று ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 2.0 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 7000 சுழற்சியில், சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், 7000 லிட்டர் காற்றை எடுக்கும். 25 டிகிரி செல்சியஸில் அது நொடிக்கு ஏறத்தாழ 138 கிராம். பெட்ரோல் இன்ஜினில் நொடிக்கு ஒரு கிராம் காற்று, தோராயமாக 1.25 முதல் 1.3 குதிரைத்திறனைத் தரும். ஆகவே அந்த இன்ஜினிடம் இன்ஜின் அளவில் 175 குதிரைத்திறனை எதிர்பார்ப்பது நியாயம். டர்போ இல்லாமல் அதே வேகத்தில் 250 எதிர்பார்ப்பவர், சிலிண்டர்கள் தம் கொள்ளளவைவிட 40 சதவீதம் கூடுதலாக நிரம்பும் என்று எதிர்பார்க்கிறார். 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரின் 2.0 லிட்டர் இன்ஜின் சுமார் 240 குதிரைத்திறனைத் தந்தது உண்மை. ஆனால் அது 8300 சுழற்சியில் கிடைத்தது, அதற்கென்றே வால்வுகளைத் திறக்கும் கேமும், அவை அமர்ந்த சிலிண்டர் ஹெட்டும் வடிவமைக்கப்பட்டிருந்தன.

இன்ஜின் திறன், சக்கரத் திறன் என்ற வேறுபாடு எவ்வளவு முக்கியம்?

காணாமல்போன குதிரைத்திறனில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலேயே கிடைத்துவிடுவதுண்டு. தொழிற்சாலை அறிவிப்பது இன்ஜினின் கிராங்க்ஷாஃப்டில் அளந்த திறன். உருளைகளின் மேல் காரை ஏற்றி அளக்கும் டைனோ, கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டயர் ஆகியவற்றில் இழந்தது போக மிஞ்சியதைக் காட்டுகிறது. இந்த இழப்பு பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். 300 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின் சக்கரத்தில் 255 காட்டினால் அங்கே எந்தப் பழுதும் இல்லை.

இந்த இழப்பை மாறாத சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் ஒரு பகுதி வேகத்தையும் எண்ணெயின் சூட்டையும் சார்ந்தது, இன்னொரு பகுதி கடத்தப்படும் சுமையைச் சார்ந்தது. இன்ஜின் திறனை இரட்டிப்பாக்கினால் இழப்பும் அப்படியே இரட்டிப்பாகிவிடாது. ஆகையால் சக்கர எண்ணை 0.85ஆல் வகுத்துப் பெறும் இன்ஜின் எண்ணை வைத்துப் பழுது தேடுவது நல்லதன்று. சக்கர எண்ணைச் சக்கர எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும். கூடவே அலகையும் பார்க்க வேண்டும்: பி.எஸ். என்ற மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட், பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கிலுள்ள குதிரைத்திறன் 745.7 வாட். 400 பி.எஸ். என்று அறிவிக்கப்பட்ட இன்ஜின், மற்ற அலகில் 394.5 மட்டுமே.

ஒரே கார் இரண்டு டைனோக்களில் வெவ்வேறு எண்களைக் காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையுமே ஒப்பீட்டுக் கருவிகளாக நம்பலாம், முழு உண்மையாக எதையும் நம்ப வேண்டாம். கனமான உருளையைச் சுழற்றிவிட்டு அதன் முடுக்கத்திலிருந்து திறனைக் கணிக்கும் இனர்ஷியா டைனோவும், எடி கரன்ட் பிரேக்கால் சுமை ஏற்றி அளக்கும் டைனோவும் ஒரே காருக்கு வேறு எண்களைத் தருவது வழக்கம். இரண்டாவது வகையில் எண் சற்றுக் குறைவாக வரும். இனர்ஷியா டைனோவில் கனமான சக்கரங்களை மாட்டியிருந்தால், அவற்றை முடுக்கச் செலவான திறனும் எண்ணிலிருந்து கழிந்துவிடும்.

அடுத்தது வானிலைத் திருத்தம். எஸ்.ஏ.இ. ஜே1349 முறை 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர் காற்று என்ற நிலைக்கு முடிவைத் திருத்துகிறது. எஸ்.டி.டி. எனப்படும் பழைய முறை குளிர்ந்த, அடர்த்தியான காற்றை அடிப்படையாகக் கொள்வதால் அதன் எண் சுமார் 4 சதவீதம் கூடுதலாக இருக்கும். நண்பர் காட்டும் 400 எஸ்.டி.டி. முறையிலும், உங்களுடைய 385 எஸ்.ஏ.இ. முறையிலும் திருத்தப்பட்டிருந்தால் இரண்டு கார்களும் சமம் என்றே கொள்ளலாம். டர்போ கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேடான இடத்தில் காற்றழுத்தம் குறைந்தாலும், மேனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதியின்) முழு அழுத்தத்தை இலக்காகக் கொண்டு பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, கட்டுப்படுத்தும் இ.சி.யு. டர்போவைக் கூடுதலாகச் சுழலவிட்டு இழப்பை ஈடுகட்டிவிடும். அதன் மேல் திருத்தத்தையும் சேர்த்தால் எண் வீங்கிவிடும். அதே காரைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்து அளந்தால், திறன் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். திருத்தப்படாத எண்ணையும், அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றங்களுக்கு முன்பு காரை அளக்கவில்லை. அது பெரிய குறையா?

பெரிய குறைதான். தொடக்கப் புள்ளி தெரியாதபோது, எவ்வளவு கூடியது என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது. தொழிற்சாலை எண்ணைத் தொடக்கமாகக் கொள்வதும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஃபோர்டு நிறுவனம் 1999 மஸ்டாங் எஸ்.வி.டி. கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று அறிவித்தது. உரிமையாளர்கள் டைனோவில் அளந்து குறையைக் காட்டியபின் நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட், இன்ஜின் கணினி ஆகியவற்றை மாற்றிக் கொடுத்தது. மாஸ்டா நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கான 2001 எம்.எக்ஸ்-5 காருக்கு முதலில் 155 என்று அறிவித்துப் பின்னர் 142 என்று திருத்தியது. கோப்ராவின் கதை எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. குறை காற்று வரும் வழியிலும் போகும் வழியிலும் இருந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் இன்ஜினிலேயே அப்படி நேரும்போது, நாம் கழற்றி மாட்டிய மேனிஃபோல்டை முதலில் பார்ப்பதில் தவறில்லை.

டைனோ ஓட்டத்திலேயே திறனைக் குறைத்துக் காட்டும் தவறுகள் எவை?

மின்விசிறிதான் முதல் காரணம். சாலையில் வேகமாகப் போகும்போது டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், ரேடியேட்டருக்கும் கிடைக்கும் காற்றைச் சிறிய விசிறியால் தர முடியாது. முதல் ஓட்டத்தில் 320, இரண்டாவதில் 309, மூன்றாவதில் 301 என்று இறங்கினால் அது சூடேறியதன் அடையாளம். பத்து நிமிடம் ஆறவிட்டு ஓட்டும்போது எண் மீண்டும் ஏறினால் சந்தேகமே இல்லை.

கியர் விகிதம் 1:1க்கு மிக அருகில் இருக்கும் கியரில் ஓட்டுவது வழக்கம். எல்லா ஓட்டங்களும் ஒரே கியரில் இருக்க வேண்டும். டயர் அழுத்தத்தையும் காரைக் கட்டும் பட்டைகளின் இறுக்கத்தையும் மாற்றாமல் வைக்க வேண்டும், ஏனெனில் அதிகம் இறுக்கினால் டயர் உருளையில் அழுந்தி உராய்வு கூடுகிறது. டிராக்ஷன் கன்ட்ரோல் முழுவதும் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன் சக்கரங்கள் அசையாதபோது பின் சக்கரங்கள் மட்டும் சுழல்வதைக் கண்டு, பொத்தானை அழுத்தியபின்னும் திறனைக் குறைக்கும் கார்கள் உள்ளன.

எந்தெந்த அளவுகளைப் பதிவு செய்ய வேண்டும்?

டைனோத் தாளில் திறன், முறுக்குவிசை என்ற இரண்டு கோடுகள் மட்டுமே இருக்கின்றன. அவை விளைவைக் காட்டுமே தவிர, காரணத்தைச் சொல்லா. காரணத்தைச் சொல்வது இ.சி.யு. பதிவு. இன்ஜின் வேகம், த்ராட்டில் தட்டின் உண்மையான திறப்பு, காற்றோட்டம், மேனிஃபோல்ட் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, லாம்டா (காற்றும் எரிபொருளும் கலந்த விகிதம்; 1க்குக் கீழே எரிபொருள் மிகுந்த தடித்த கலவை, மேலே மெலிந்த கலவை), இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம், எரிபொருள் அழுத்தம், பற்றவைப்புக் கோணம், நாக்கிங்கால் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பதால்) பின்னிழுக்கப்பட்ட கோணம், கேம் நிலை, பேட்டரி மின்னழுத்தம், கார் வேகம் ஆகியவை ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும். இவற்றோடு இலக்கு மதிப்புகளையும் பதிவு செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். பூஸ்ட் இலக்கு 1.2 பார், கிடைத்தது 0.9 பார் என்று தெரிந்துவிட்டால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டிய தேவை அப்போதைக்கு இல்லை.

வரைபடத்தின் வடிவத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

உச்ச எண்ணைவிட முறுக்குவிசைக் கோட்டின் வடிவம்தான் அதிகம் பேசுகிறது. கோடு முழுவதும் வழுவழுப்பாக, ஆனால் எல்லா வேகங்களிலும் ஒரே விகிதத்தில் தாழ்ந்திருந்தால், அடிப்படைப் பற்றவைப்புக் கோணம், சிலிண்டர் இறுக்கம், டைனோவின் திருத்தம் போன்ற எங்கும் பரவிய காரணங்களைத் தேட வேண்டும். கீழே நன்றாக எழும்பி, 5000 சுழற்சிக்கு மேல் சீக்கிரமாகச் சரிந்தால், ஓட்டம் அதிகமாகும்போதுதான் வெளிப்படும் நெருக்கடி எங்கோ இருக்கிறது: புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் அடைப்பு, சிறிய இன்டேக் குழாய், திணறும் எரிபொருள் பம்ப், தளர்ந்த வால்வு ஸ்பிரிங். குறிப்பிட்ட ஓரிடத்தில் பள்ளம் விழுந்தால் அதே வேகத்தில் பற்றவைப்புக் கோணம் பின்னே போயிருக்கிறதா என்று பதிவில் பாருங்கள். கோடு ரம்பப் பல்போல் நடுங்கினால் தீப்பொறி தவறுகிறது, அல்லது கிளட்ச் வழுக்குகிறது.

இவற்றைப் பார்ப்பதற்கு முன் டைனோவின் மென்மையாக்கல் அமைப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். அழகுக்காக அதை உயர்த்தி வைத்தால் இந்த நடுக்கங்கள் அனைத்தும் தேய்ந்து மறைந்துவிடும்.

இன்ஜினுக்குள் போதுமான காற்று வருகிறதா என்று எப்படி உறுதி செய்வது?

மாஃப் எனப்படும் காற்றோட்ட சென்சார் இருந்தால், முன்பு சொன்ன கணக்கே இங்கும் உதவும். உச்சத்தில் நொடிக்கு 240 கிராம் பதிவானால் இன்ஜின் அளவில் ஏறத்தாழ 300 முதல் 310 குதிரைத்திறன் எதிர்பார்க்கலாம். சக்கரத்தில் 260 வந்தால் காற்றும் திறனும் பொருந்துகின்றன. ஆகவே கூடுதல் திறன் வேண்டுமானால் கூடுதல் காற்றைத்தான் தேட வேண்டும். அதே 240 கிராமுக்குச் சக்கரத்தில் 210 மட்டுமே வந்தால், காற்று வந்துவிட்டது, எரிப்பிலோ கடத்தலிலோதான் இழப்பு. இந்த ஒரே ஒப்பீடு தேடலை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. மாஃப் பொருத்திய குழாயின் விட்டத்தை மாற்றிவிட்டு அளவுத்திருத்தம் செய்யாமல் விட்டிருந்தால் மட்டும் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

டர்போ இல்லாத இன்ஜினில் மேப் எனப்படும் மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் எளிய சோதனை தரும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும், உதாரணமாக 100 கிலோபாஸ்கல். முழு த்ராட்டிலில் உச்ச வேகத்தில் 97 அல்லது 98 இருந்தால் நலம். 93 காட்டினால், ஃபில்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே 7 சதவீத அழுத்தம் தொலைகிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் அது ஃபில்டரா, குழாயா என்று தெரிந்துவிடும்.

த்ராட்டில் தட்டை நேரில் பார்ப்பதும் அவசியம். பெடலை ஒருவர் முழுவதும் மிதிக்க, இன்னொருவர் தட்டு முழுவதும் கிடைமட்டமாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தரை விரிப்போ நீண்டுபோன கேபிளோ திறப்பின் கடைசிப் பகுதியைத் தின்றுவிடும்.

காற்றின் சூட்டையும் மறக்க வேண்டாம். உள்ளே வரும் காற்று 10 டிகிரி கூடினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். வெப்பத் தடுப்பு இல்லாமல் ரேடியேட்டருக்குப் பின்னால் திறந்து நிற்கும் ஃபில்டர், ஒலியை மட்டும் கூட்டித் திறனைக் குறைக்கும்.

டர்போ காரில் பூஸ்ட் குறைவாக இருக்கிறது, அல்லது பூஸ்ட் சரியாக இருந்தும் திறன் இல்லை. எங்கே பார்ப்பது?

பூஸ்ட் குறைந்தால் முதலில் கசிவு. டர்போவின் உள்வாயை அடைத்து, இன்ஜின் ஓடாத நிலையில், வழக்கமாகப் பயன்படுத்தும் பூஸ்ட் அளவுக்குக் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். 0.3 பாரில் இறுக்கமாக இருக்கும் சிலிகான் குழாய் 1 பாரில் வாய் திறக்கும். அதனால் குறைந்த அழுத்தத்தில் செய்யும் சோதனையை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவுசெய்யக் கூடாது. மாஃப் உள்ள காரில் கசிவு இருந்தால் அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால் எரிபொருள் கலவை தடித்துப்போகும், கறுத்த புகை வரும். மேப் சென்சாரை மட்டும் நம்பும் காரில் கலவை மாறாது. டர்போ கூடுதலாக உழைத்துக் காற்றைச் சூடாக்குவது மட்டுமே நடக்கும். எனவே கலவை சரியாக இருப்பதாலேயே கசிவு இல்லை என்று கொள்ள முடியாது.

கசிவு இல்லையென்றால், புகையின் ஒரு பகுதியை டர்போவைச் சுற்றி விலக்கிப் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வைப் பாருங்கள். அதன் ஸ்பிரிங் பலவீனமாக இருக்கலாம், டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், கட்டுப்பாட்டு சொலினாய்டின் சிறு குழாய்கள் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். வேகம் ஏற ஏற பூஸ்ட் தானாக இறங்கினால், எக்ஸாஸ்ட் அழுத்தம் வேஸ்ட்கேட்டைத் தள்ளித் திறக்கிறது, அல்லது டர்போ தன் ஓட்ட எல்லையைத் தொட்டுவிட்டது.

பூஸ்ட் சரியாக இருந்தும் திறன் இல்லாதபோதுதான் பலரும் குழம்புகிறார்கள். பூஸ்ட் என்பது அழுத்தம், காற்றின் நிறை அன்று. 25 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு 70 சதவீதத் திறமையுள்ள கம்ப்ரசர் அழுத்தினால், வெளிவரும் காற்று ஏறத்தாழ 118 டிகிரியில் இருக்கும். இன்டர்கூலர் அதை 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒரு கதை, 70 டிகிரிக்கே கொண்டுவர முடிந்தால் வேறு கதை. அதே பூஸ்டில் இரண்டாவது நிலையில் காற்றின் நிறை 7 சதவீதம் குறைவு, நாக்கிங் அபாயமும் அதிகம். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, இடையே எவ்வளவு தொலைகிறது என்றும் பார்க்க வேண்டும். பூஸ்ட் குறைந்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கன்ட்ரோலரில் இலக்கை ஏற்றுவது, கசியும் குழாய்க்காக டர்போவை அதன் எல்லைக்கு மேல் சுழற்றுவதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எரிபொருள் போதுமானதா என்பதை எப்படி அறிவது?

லாம்டா கோடு உச்ச வேகத்தை நெருங்கும்போது மெலிந்த பக்கம் நகர்ந்தால் எரிபொருள் தீர்ந்துபோகிறது என்று பொருள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் முழு த்ராட்டிலில் பொதுவாக லாம்டா 0.86 முதல் 0.90 வரையிலும், டர்போ இன்ஜின் 0.78 முதல் 0.82 வரையிலும் நல்ல திறனைத் தருகின்றன. இதைவிட மிகத் தடித்த கலவையும் திறனைத் தின்னும். பாதுகாப்புக்காக 0.70இல் விடப்பட்ட டியூனிங்கில் திறன் புகையாகப் போகிறது.

இன்ஜெக்டர் கணக்கு எளிது. 7000 சுழற்சியில் ஒரு முழு எரிப்புச் சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 17.1 மில்லிநொடி. இன்ஜெக்டர் 16 மில்லிநொடி திறந்திருப்பதாகப் பதிவு சொன்னால் அது 93 சதவீத நேரம் திறந்திருக்கிறது. 85 சதவீதத்தைத் தாண்டினாலே அதன் கட்டுப்பாடு நம்பகத்தை இழக்கத் தொடங்கும்.

இன்ஜெக்டர் பெரிதாக இருந்தும் கலவை மெலிந்தால் அழுத்தத்தை அளக்க வேண்டும். மேனிஃபோல்ட் அழுத்தத்தைத் தொடரும் ரெகுலேட்டரில், அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், 1 பார் பூஸ்டில் ரெயிலில் 4 பார் இருக்க வேண்டும். அது 3 பாரிலேயே நின்றுவிட்டால் இன்ஜெக்டரின் இருபுறமும் உள்ள வேறுபாடு 2 பார் மட்டுமே. ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் எரிபொருள் 18 சதவீதம் குறைந்துவிடும். பம்பைக் குறை சொல்வதற்கு முன், முழுச் சுமையில் பம்பின் முனையிலேயே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும்போது பம்பில் 11.5 வோல்ட் மட்டுமே வந்தால், பழுது மெல்லிய ஒயரிலும் பழைய ரிலேயிலும் இருக்கிறது. புதிய பெரிய பம்ப் அதிக மின்சாரம் இழுத்து நிலையை இன்னும் மோசமாக்கும்.

லாம்டா சென்சார் பொய் சொல்லுமா?

சொல்லும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை உண்மையைவிட மெலிந்ததாகத் தெரியும். அதைப் பார்த்து எரிபொருளைக் கூட்டினால் கலவை உண்மையில் தடித்துத் திறன் இறங்கும். தீப்பொறி தவறிய சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளிவருவதால் அதுவும் மெலிந்ததாகவே காட்டும், பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தாலும் கூட. லாம்டா 1க்கு அருகில் மட்டும் நுட்பமாக அளக்கும், தொழிற்சாலையின் பழைய நேரோபேண்ட் சென்சாரை வைத்து முழுச் சுமைக் கலவையைத் தீர்மானிக்கவே கூடாது. அதற்குப் பரந்த எல்லையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும்.

பற்றவைப்புக் கோணம் எவ்வளவு திறனை விழுங்கும்?

மிகுந்த திறனை, அதுவும் சத்தமில்லாமல். ஒவ்வொரு சுமைக்கும் வேகத்துக்கும் மிக அதிக முறுக்குவிசை தரும் ஒரு கோணம் உண்டு. அதிலிருந்து ஓரிரு டிகிரி பின்னே போனால் இழப்பு சிறிது, ஐந்தாறு டிகிரி போனால் இழப்பு வேகமாக வளரும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். நாக் சென்சார் ஏதோ ஒலியைக் கேட்டு இ.சி.யு.வை இப்படிப் பின்வாங்கச் செய்யும்போது ஓட்டுநருக்கு எதுவும் கேட்காது, விளக்கும் எரியாது.

ஆகவே நாக்கிங் பின்னிழுப்பு பதிவில் தெரிந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. உண்மையான நாக்கிங்கா? அப்படியானால் எரிபொருளின் ஆக்டேன், உள்காற்றின் சூடு, கார்பன் படிவு, டியூனிங்கில் உள்ள கோணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 98 ரான் (ஆக்டேனை அளக்கும் ஒரு முறை) எரிபொருளுக்கு எழுதிய டியூனிங்கில் 91 ரான் ஊற்றினால் இ.சி.யு. பின்வாங்குவது சரியான செயல்தான். ஆக்டேன் எண்ணை ஒப்பிடும்போது அளவுமுறையையும் பாருங்கள். 93 என்று வட அமெரிக்க முறையில் எழுதப்பட்ட எரிபொருள், ரான் முறையில் ஏறத்தாழ 98. பொய்யான நாக்கிங்காக இருந்தால், தளர்ந்த வெப்பத் தகடு, பாடியில் உரசும் ஹெடர், கெட்டியான இன்ஜின் மவுண்ட் ஆகியவற்றின் ஒலியைச் சென்சார் தவறாக எடுத்துக்கொண்டிருக்கும். சென்சாரின் போல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிராங்க் சென்சாரையோ புல்லியையோ மாற்றியிருந்தால், இ.சி.யு. சொல்லும் கோணத்தை டைமிங் லைட் கொண்டு சரிபாருங்கள். கணினி 25 டிகிரி என்று நினைக்கும்போது இன்ஜினில் 19 டிகிரி மட்டுமே இருந்தால், பதிவு முழுவதும் சரியாகத் தெரியும், திறன் மட்டும் இருக்காது.

ஸ்பார்க் பிளக்கை மாற்றினால் போதுமா?

பூஸ்டில் மட்டும் தவறும் தீப்பொறிக்குப் பலமுறை போதும். அடர்த்தியான காற்றின் ஊடே பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவை. ஆகவே டர்போ இன்ஜினில் 1.1 மில்லிமீட்டர் இடைவெளியை 0.7க்குக் குறைத்தவுடன் நடுக்கம் நின்றுவிடுவதுண்டு. நிற்கவில்லையென்றால், அந்த மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்க வேண்டும்.

இயந்திரப் பழுதை எப்போது சந்தேகிக்க வேண்டும்?

காற்றோட்டமே குறைவாக இருந்து, வெளியில் நெருக்கடி எதுவும் அகப்படாதபோது. கேம் டைமிங் ஒரு பல் தள்ளியிருந்தாலும் இன்ஜின் ஓடும், ஐடிலில் கூடச் சற்று மட்டுமே முரண்டு பிடிக்கும். ஆனால் திறன் வெகுவாக விழும். ஹெட்டையோ பிளாக்கையோ இழைத்திருந்தால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையே தூரம் குறைந்து, குறிகள் பொருந்தியிருந்தும் கேம் சில டிகிரி விலகியிருக்கும். டிகிரி வீல் கொண்டு அளப்பதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. மாறும் வால்வு டைமிங் உள்ள இன்ஜினில் இலக்கு நிலையையும் உண்மை நிலையையும் ஒப்பிட்டால், அடைபட்ட எண்ணெய் வழியும் ஒட்டிக்கொண்ட சொலினாய்டும் உடனே அகப்படும்.

கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. கசிவுச் சோதனை இன்னும் நன்றாகப் பேசும். 10 சதவீதத்துக்குள் கசிவு இருந்தால் நலம், 20ஐத் தாண்டினால் பழுது. காற்று சீறும் ஒலி த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, எக்ஸாஸ்ட் முனையில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது வெடிப்பு. இச்சோதனையைப் பெரிய செலவுகளுக்கு முன்பே செய்வது நல்லது. பலர் கடைசியில்தான் செய்கிறார்கள்.

எக்ஸாஸ்ட் அடைத்திருப்பதை எப்படிக் கண்டறிவது?

கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். சுமையின்றி 2500 சுழற்சியில் 0.2 பாரைத் தாண்டினால் அடைப்பு உண்டு. தீப்பொறி தவறிய நிலையில் நெடுநாள் ஓடிய காரில் கன்வர்ட்டரின் உட்பகுதி உருகி அடைத்திருக்கும். எனவே தீப்பொறியைச் சரிசெய்தபின்னும் திறன் திரும்பாவிட்டால் அடுத்து இங்கேதான் வர வேண்டும்.

இ.சி.யு.வே திறனைக் கட்டுப்படுத்துமா?

புதிய கார்களில் இது முக்கியமான காரணமாகிவிட்டது. அவற்றின் கணினி முறுக்குவிசையை மையமாகக் கொண்டு இயங்குகிறது. காற்றோட்டத்திலிருந்து தான் கணிக்கும் முறுக்குவிசை, கியர்பாக்ஸுக்கோ குறிப்பிட்ட கியருக்கோ வைக்கப்பட்ட எல்லையைத் தாண்டினால், பெடல் முழுவதும் மிதிபட்டிருக்கும்போதே த்ராட்டிலை மூடும், பூஸ்டைக் குறைக்கும், அல்லது பற்றவைப்பைப் பின்னிழுக்கும். பெடல் 100 சதவீதம், தட்டு 62 சதவீதம் என்று பதிவில் தெரிந்தால் பழுது எந்தப் பாகத்திலும் இல்லை, டியூனிங்கில் ஓர் எல்லை அட்டவணை விடுபட்டிருக்கிறது. அந்த எல்லையை உயர்த்துமுன் கியர்பாக்ஸும் கிளட்சும் தாங்குமா என்பதை முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் தொழிற்சாலை அதை வைத்ததற்குக் காரணம் உண்டு.

திறன் பிறந்தும் சக்கரத்துக்கு வராமல் போகுமா?

போகும். கிளட்ச் வழுக்குவதைக் கண்டுபிடிக்க, ஒரே கியரில் இன்ஜின் வேகத்தைக் கார் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் 3000 சுழற்சி என்றால் 160இல் 6000தான் இருக்க வேண்டும். 6300 காட்டினால் 5 சதவீதம் கிளட்சிலோ, உருளையின் மேல் டயரிலோ வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வர்ட்டர் பூட்டப்படாமல் இருந்தாலும் இதே தோற்றம் வரும். ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் மையத்தையும் வெப்பமானியால் அளந்தால் ஒட்டிப் பிடித்த பிரேக் காட்டிக்கொடுத்துவிடும்.

டைனோ இல்லாமல் திறனைச் சரிபார்க்க முடியுமா?

மூடப்பட்ட பந்தயத் தடத்தில் 402 மீட்டர் ஓட்டத்தின் முடிவு வேகம் நல்ல சாட்சி. எடுத்துக்கொண்ட நேரம் டயர் பிடிப்பையும் புறப்பாட்டையும் பொறுத்தது, முடிவு வேகமோ பெரும்பாலும் திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தைப் பின்பற்றுகிறது. வழக்கமான தோராயக் கணக்கின்படி, ஓட்டுநரோடு 1500 கிலோ எடையுள்ள கார் இன்ஜின் அளவில் 300 குதிரைத்திறனில் மணிக்கு ஏறத்தாழ 169 கிலோமீட்டரையும், 250இல் 159 கிலோமீட்டரையும் எட்டும். டைனோ 250 என்று சொல்ல, தடம் 168 என்று சொன்னால், நான் தடத்தையே நம்புவேன். பொதுச் சாலையில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

பல மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்துவிட்டேன். இப்போது எப்படிப் பிரிப்பது?

பின்னோக்கிச் செல்ல வேண்டும், ஒரு முறைக்கு ஒரே மாற்றம் என்ற கணக்கில். ஒருமுறை நான் இன்டேக் குழாயையும் பிளக்கையும் ஒரே மாலையில் மாற்றி, 12 குதிரைத்திறனை இழந்தேன். குழாயைத்தான் குற்றம் சொன்னேன். பிளக்கின் இடைவெளி தவறு என்று தெரிய மூன்று வாரம் ஆனது. ஒரே டைனோ, ஒரே கியர், ஒரே அளவு சூடு, ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று ஓட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் 1 அல்லது 2 சதவீத மாற்றத்தையும் நம்பிக்கையோடு பார்க்க முடியும். அதற்குக் குறைவான மாற்றத்தை அளவீட்டின் ஊசலாட்டமாகவே கொள்ள வேண்டும்.

எல்லாச் சோதனைகளும் சரி. ஆனாலும் எண் குறைவு. இனி என்ன?

அப்படியானால் அந்தத் தொகுப்பின் திறன் அதுதான். பெரிய கேம் போட்டபின் 3000 சுழற்சியில் முறுக்குவிசை குறைவது பழுது அன்று, அந்தக் கேமின் இயல்பு. அது தன் திறனை மேலே தருகிறது. அங்கே போகவிடாமல் பழைய வேக எல்லையை இ.சி.யு.வில் விட்டிருந்தால் அதன் பயன் வெளிப்படாது. உச்சத்தில் கோடு தட்டையாகி, காற்றோட்டமும் அதே இடத்தில் தட்டையாகி, இன்டேக்கிலும் எக்ஸாஸ்டிலும் அழுத்த இழப்பு சிறிதாகவே இருந்தால், எல்லை ஹெட்டின் வாய்களிலோ, கேமிலோ, டர்போவிலோ இருக்கிறது. டர்போவா என்று அறிய, பதிவான காற்றோட்டத்தையும் அழுத்த விகிதத்தையும் கம்ப்ரசர் வரைபடத்தில் புள்ளியாக வைத்துப் பாருங்கள். புள்ளி வலது ஓரத்துக்கு வெளியே விழுந்தால் இனி பூஸ்டைக் கூட்டினாலும் சூடுதான் கூடும். புள்ளி நடுவில் விழுந்தால் டர்போவை விட்டுவிட்டு, ஹெட்டைக் கழற்றி ஓட்டச் சோதனைக்கு அனுப்புவதே அடுத்த வேலை.